சுமைக்காரன் செவேயின் மனைவி ரிஸ்பா

எங்கள் கோதெரா ஏரிக்கரையில் மீன் பொரிக்கிறவர்களில் பேசாதவள் ஒருத்திதான் உண்டு. அவள் ரிஸ்பா. அவளுக்குப் பக்கத்து அடுப்பு என்னுடையது. என் பெயர் டோர்சிலா. எண்ணெய் காய்வதற்குள் ஊர் வம்பு முழுவதையும் அளந்து முடித்துவிடுகிறவள் என்று என்னைச் சொல்வார்கள். சொல்லட்டும், பொய்யில்லை. அதனால்தான் அவள் கதையை நான் சொல்கிறேன். அவளிடம் விட்டால் மீனைத் திருப்பித் திருப்பிப் போட்டுக்கொண்டிருப்பாள், ஒரு வார்த்தை வெளியே வராது.

அவளாக வாய் திறப்பது சாயங்காலத்தில் மட்டும்தான். படகுகள் கரையேறி, விலை பேசி முடித்து, சந்தை அடங்குகிற நேரத்தில், கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு தலையைத் தூக்குவாள்.

“கேட்டுச்சா அக்கா?”

“என்னத்தடி கேக்கணும்?”

“மூட்டைய இறக்கி வச்ச சத்தம். நமக்குப் பின்னாடி.”

நான் திரும்பிப் பார்ப்பேன். காயப்போட்ட வலையும் இரண்டு கோழிகளும் இருக்கும். ஆள் வந்தால் ஒதுங்குவதுபோல அந்தக் கோழிகள் வழிவிட்டு நிற்கும். “காத்துடி” என்று சொல்லிவிட்டு எண்ணெயைப் பார்க்க ஆரம்பித்துவிடுவேன். 

மூட்டை இறக்குவது அவள் புருஷன் எல்கானா செவேயின் தொழில். நைரோபியில் வெளியூர் பஸ்கள் கிளம்புகிற இடத்தில் அவன் சுமைக்காரன். பெட்டி, சாக்கு, கோழிக்கூண்டு, மெத்தை, எது வந்தாலும் தலையில் சும்மாட்டை வைத்துத் தூக்கி, ஏணியில் ஏறி, பஸ் கூரையில் கட்டிவிட்டு இறங்குவான். அங்கேயே ஒரு தகர வீட்டில் குடித்தனம். மகள் அகோத் பிறந்து வளர்ந்ததும் அங்கேதான். கிறிஸ்துமஸுக்கு மூன்று பேரும் ஊருக்கு வருவார்கள். செவே வந்துவிட்டால் கரையே கலகலத்துப் போகும். “டோர்சிலா அக்கா, உன் வாய மட்டும் ஏத்துறதுக்குத் தனி பஸ் விடணும்” என்பான். அவன் சொன்னால் கோபம் வராது.

ஒரு நாள் காலை அங்கே ஒரு பஸ்ஸின் கூரையில் குண்டு வெடித்தது. வைத்த கூட்டத்தின் பெயரை ரேடியோவில் நாள்கணக்காகச் சொன்னார்கள். அதை என் வாயால் சொல்ல எனக்கு இஷ்டமில்லை. பஸ்ஸில் உட்கார்ந்திருந்தவர்கள், பக்கத்தில் சோளம் சுட்டு விற்றவள், விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திரும்பிய பிள்ளைகள் என்று நிறையப் பேர் செத்தார்கள். ரிஸ்பா பிணவறை வாசலில் வாரக்கணக்கில் நின்றாள். ஒவ்வொரு உடலாக ஆட்கள் வந்து அழுதுகொண்டே வாங்கிப் போனார்கள். செவேயின் உடல் மட்டும் இல்லை. ஆஸ்பத்திரியில் கிடந்தவர்களிலும் அவன் இல்லை.

எங்கள் லுவோ ஜனத்தில் உடல் கிடைக்கவில்லை என்று ஒருவனை அப்படியே விட்டுவிட முடியாது. விட்டால் அவன் அலைவான். ஏரி எத்தனை பேரை விழுங்கியிருக்கிறது. அப்படிப் போனவனுக்காக யாகோ மரத்திலிருந்து ஒரு காயைப் பறித்து வந்து, அதையே ஆளாக வைத்துப் புதைப்போம். முழங்கை நீளத்துக்குக் கனமாகத் தொங்குகிற காய் அது. செவேக்கும் அப்படித்தான் செய்தோம். ரிஸ்பா அந்தக் காய்க்கு அவன் சட்டையைப் போட்டுவிட்டாள். அவனுடைய பழைய சும்மாட்டையும் பக்கத்தில் வைத்தாள். சவப்பெட்டியில் கிடத்தி, வீட்டு முற்றத்தில் குழிவெட்டிப் புதைத்து, மாடடித்துச் சோறு போட்டோம். அழுது அழுது எனக்கே தொண்டை கட்டிப்போனது, அதை ஊரே அதிசயமாகப் பேசிக்கொண்டது. எல்லோரும் செய்வதுபோல ரேடியோவிலும் அறிவிப்புக் கொடுத்தோம். நைரோபி குண்டுவெடிப்பில் இறந்த எல்கானா செவேயின் நல்லடக்கம் கோதெராவில் நடைபெறும், உற்றார் உறவினர் வரவும்.

அந்த அறிவிப்புதான் வினையானது. நைரோபியில் போலீசார் அதைக் கேட்டிருக்கிறார்கள். அவர்களிடம் ஒரு கேமராப் படம் இருந்தது. வெடித்த சாக்கைத் தலையில் வைத்துக்கொண்டு ஏணியில் ஏறுகிறவன் செவே. உடல் கிடைக்காத ஒரே ஆளும் செவே. குண்டை வைத்துவிட்டு ஓடிப்போனவன் என்று அவனைத் தேடிக்கொண்டிருக்கும்போது, பிணவறையில் யாரும் கொடுக்காத ஒரு உடலை ஊரில் புதைக்கிறார்கள் என்றால் அவர்கள் என்ன நினைப்பார்கள். இன்று யோசித்தால் எனக்குப் புரிகிறது. அன்று அவர்களைச் சபிக்கத்தான் தெரிந்தது.

துப்பாக்கியும் மண்வெட்டியுமாக வந்து இறங்கினார்கள். தலைமையாக வந்தவர் முசெம்பி என்ற இன்ஸ்பெக்டர். எங்கள் ஆள் இல்லை, கம்பா நாட்டுப் பக்கம். ஒல்லியான மனிதர், குரலை உயர்த்தவே மாட்டார்.

“உள்ள இருக்கறது யாரு?” என்று ரிஸ்பாவைக் கேட்டார்.

“என் வீட்டுக்காரர் சார்.”

“உடம்ப யார் குடுத்தா?”

ரிஸ்பா தரையைப் பார்த்தாள். நான் சும்மா இருப்பேனா.

“உடம்பு இல்ல சார். காய்.”

“என்ன காய்?”

“யாகோ காய். ஆள் கிடைக்கலன்னா காயப் புதைப்போம். இது எங்க வழக்கம். நீங்க யாரையாச்சும் கேட்டுப் பாருங்க.”

“கேக்குறதவிடப் பாத்துடலாம்” என்றார்.

செவேயின் சித்தப்பா ராண்டிகா, அந்தக் குடும்பத்துப் பெரியவர், குழிக்கும் போலீசுக்கும் நடுவில் போய்த் தடியை ஊன்றிக்கொண்டு நின்றார். “போட்டத எடுக்கிற பழக்கம் எங்க குடும்பத்துலயே கிடையாது” என்று கத்தினார். அவரை இரண்டு பேர் பூப்போலத் தூக்கி ஓரமாக வைத்தார்கள். தோண்டினார்கள். பெட்டியைத் திறந்தார்கள். சட்டை போட்ட காய் படுத்திருந்தது. ஒரு இளவட்டப் போலீஸ்காரனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் முகங்களைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டான். முசெம்பி சிரிக்கவில்லை. “செத்துட்டதா காட்டிக்க இது நல்ல வழிதான்” என்று மட்டும் சொன்னார். ரிஸ்பாவை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். எங்கே ஒளித்து வைத்திருக்கிறாய் என்று மாற்றி மாற்றிக் கேட்டுவிட்டு, ஒன்றும் பெயராததால் அனுப்பிவைத்தார்கள். முன்பு பேசிக்கொண்டிருந்த கொஞ்சநஞ்சப் பேச்சையும் அவள் அங்கேயே விட்டுவிட்டு வந்திருந்தாள்.

காய் குழியோரமே கிடந்தது. அதை என்ன செய்வது என்று பெரியவர்கள் கூடினார்கள். மறுபடி புதைத்தால் இரண்டு முறை செத்தவன் ஆகிவிடுவான் என்றார் ஒருவர். புதைக்காவிட்டால் சாகாதவன் ஆகிவிடுவான் என்றார் இன்னொருவர். புதைத்த யாகோவைத் தோண்டி எடுத்த கதை எந்தக் காலத்திலும் நடந்ததில்லை, அதனால் யாருக்கும் முறை தெரியவில்லை. நாள்கணக்காகப் பேசினார்கள். ரிஸ்பா காய்ச்சிக் கொடுத்த சாராயம் தீர்ந்ததுதான் கண்ட முடிவு. கடைசியில் அவள் காயைத் துணியில் சுற்றித் தானியக் குதிருக்குள் வைத்தாள். குழி திறந்தபடி கிடந்தது. நைரோபிக்குத் திரும்பாமல் அவள் கரையில் என் பக்கத்தில் அடுப்புப் போட்டாள்.

அன்றிலிருந்துதான் அந்தச் சத்தம்.

“மூட்டையோட நிக்கிறாரு அக்கா” என்று ஒருமுறை சொன்னாள். “தலையில இருந்து இறக்க முடியல. எங்க வைக்க, எங்க வைக்கன்னு கேக்குறாரு. நான் என்ன சொல்லட்டும்?”

நான் எட்டி அவள் சட்டியில் இருந்த மீனைத் திருப்பிப் போட்டேன். 

குண்டுவெடிப்புக்குப் பிறகு நாடு முழுக்கக் காவல் கூடியது. எங்கள் கரைக்குக்கூட ஒரு காவலாளியைப் போட்டார்கள். அவன் ஒரு குச்சியை வைத்துக்கொண்டு எங்கள் கூடைகளைக் கிளறுவான்.

“என்னத்தப்பா தேடுற?”

“மேலிடத்து உத்தரவு அம்மா.”

“மீன் வயித்துக்குள்ள குண்டு வச்சா மீன் சும்மா இருக்குமா? கிளறிக் கிளறி என் சரக்கையே கூழாக்கிட்ட.”

எல்லோரும் சிரிப்பார்கள். ரிஸ்பா மட்டும் சிரிக்கமாட்டாள். அவன் கேட்பதற்கு முன்னாலேயே கூடையை அடிவரைக்கும் கொட்டிக் காட்டுவாள். தலைத்துணியை அவிழ்த்து உதறிக் காட்டுவாள். எனக்கு எரிச்சலாக வந்தது. “உனக்கு ரோஷமே இல்லையாடி?” என்று கேட்டேன்.

“அன்னிக்கு அந்தச் சாக்க யாராச்சும் இப்படித் திறந்து பாத்திருந்தா, அக்கா?” என்றாள். அதற்கப்புறம் நானும் அந்தக் காவலாளியிடம் வாயடிப்பதைக் குறைத்துக்கொண்டேன்.

இதற்கிடையில் செத்தவர்களுக்காக அந்த பஸ் நிலையத்தில் ஒரு கல் வைக்கப்போவதாகவும், அதில் எல்லாப் பெயர்களையும் வெட்டப்போவதாகவும் அறிவித்தார்கள். செவேயின் பெயர் அதில் இல்லை. அவன் பெயர் வேறொரு இடத்தில் இருந்தது. தேடப்படுகிறவர்களின் படங்களோடு அவன் படத்தையும் எங்கள் கரைச் சந்தையின் சுவரிலேயே ஒட்டிவிட்டுப் போயிருந்தார்கள். அதற்கு எதிரே உட்கார்ந்துதான் அவள் மீன் பொரிக்க வேண்டியிருந்தது. அவளிடம் வாங்குவதை ஊர் நிறுத்திவிட்டது. அவள் மீனை என் மீனோடு கலந்து நான் விற்றேன். தெரிந்தவர்கள் தெரியாததுபோல வாங்கிக்கொண்டார்கள்.

அப்போது முசெம்பி மறுபடி வந்தார், இந்தத் தடவை துப்பாக்கி இல்லாமல். சிதைந்த கூரைத் தகட்டில் ஒட்டியிருந்த எலும்புத் துண்டுகள் யாருடையவை என்று தெரியாமல் இன்னும் இருக்கின்றனவாம்.

“மகளோட எச்சில் குடுங்க” என்றார். “அந்த எலும்போட பொருந்திச்சுன்னா அவர் அங்கயே செத்தவர். உள்ள என்ன இருக்குன்னு தெரிஞ்சவன் அந்தச் சாக்கு மேல கைய வச்சுக்கிட்டு நின்னிருக்க மாட்டான். அவர் பேரும் கல்லுல ஏறும்.”

அகோத் அப்போது வாத்தியார் வேலைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். அவர் பேசி முடிப்பதற்குள் வாயைத் திறந்துவிட்டாள். பஞ்சு சுற்றிய குச்சியால் கன்னத்தின் உட்புறத்தைத் தடவி எடுத்தார்கள். நான் தற்செயலாக ரிஸ்பாவைப் பார்த்தேன். அவள் சட்டியில் மீன் கருகிக்கொண்டிருந்தது, அவள் அதைப் பார்க்கவே இல்லை. சந்தோஷத்தில் நிற்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். மூக்குக்கு முன்னால் இருப்பது தெரியாமல் போவதும் உண்டு.

பொருந்தவில்லை என்று செய்தி வந்தது. அப்படியென்றால் அவன் அங்கே சாகவில்லை, ஓடிவிட்டான். இனி அதில் சந்தேகமே இல்லை என்று ஊர் பேசியது.

அகோத் படிக்கிற இடத்திலிருந்து திரும்பி வந்தாள். கூடப் படிக்கிறவர்கள் அவளோடு ஒரே தட்டில் சாப்பிடுவதில்லையாம். மத்தியான நேரம், அடுப்படியில் நாங்கள் மூன்று பேர்தான்.

“அந்த ஆளு எங்கயோ நல்லாத்தான் இருக்காரு” என்றாள். “நாமதான் காய்க்குச் சட்ட போட்டு அழுதுட்டோம்.”

“அப்பான்னு சொல்லு” என்றாள் ரிஸ்பா.

“ஏன் சொல்லணும்? நான் சொல்லலம்மா, ரத்தமே சொல்லிருச்சு.”

“ரத்தம் சரியாத்தான் சொல்லிருக்கு.” ரிஸ்பா கரண்டியைக் கீழே வைத்தாள். “உன் ரத்தம் அவரு ரத்தம் இல்ல.”

 பிறகு ரிஸ்பா பேசினாள். அவ்வளவு நீளமாக அவள் பேசி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். வயிற்றில் பிள்ளையோடு அவளை அப்பா வீட்டில் துரத்திவிட்டார்கள். பிள்ளையைக் கொடுத்தவன் ஏற்கெனவே கம்பி நீட்டிவிட்டான். ஒரு பெட்டியோடு நைரோபியில் போய் இறங்கினாள். பெட்டியைத் தூக்கிய சுமைக்காரன், எங்கே கொண்டுபோக வேண்டும் என்று கேட்டிருக்கிறான்.

“எனக்குப் போக இடமில்லன்னு சொன்னேன். கொஞ்ச நேரம் பெட்டியோட நின்னாரு. அப்புறம் அவரு வீட்டுக்குத் தூக்கிட்டுப் போயிட்டாரு. யாரு, என்னன்னு ஒரு வார்த்த கேக்கல.”

குழந்தை பிறந்து ஓயாமல் அழுதது. அப்படி அழுதால் செத்துப்போன பெரியவர்களில் யாரோ பேர் கேட்கிறார்கள் என்று எங்களுக்குத் தெரியும். ஒவ்வொரு பெயராகச் சொல்லிக்கொண்டே வரவேண்டும், எந்தப் பெயரில் அழுகை நிற்கிறதோ அதுதான் குழந்தைக்கு. செவே எத்தனையோ பெயர்களைச் சொல்லிப் பார்த்துவிட்டு, செத்துப்போன தன் அம்மாவின் பெயரைச் சொன்னான். அகோத். குழந்தை அடங்கிவிட்டது. ‘எங்கம்மா வந்துட்டா’ என்று அவன் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தானாம்.

அகோத் எழுந்து ஏரிப்பக்கம் போனாள். சாயங்காலம்தான் திரும்பி வந்தாள். கண் வீங்கியிருந்தது.

“இத ஏன் போலீஸ்கிட்ட சொல்லல?”

“சொன்னா நீ யாருன்னு ஊரு கேக்கும். அவரு பிள்ள இல்லாமச் செத்தவர்னு ஆயிடும்டி. அவரு பேர யாரு ஒரு குழந்தைக்கு வைப்பா?”

“இப்ப மட்டும் வைப்பாங்களா? சுவத்துல ஒட்டி வச்சிருக்கிற பேர?”

 கல்லில் பெயர் வேண்டுமென்றால் மகள் போய்விடுவாள். மகள் வேண்டுமென்றால் அவன் கொலைகாரனாகவே கிடக்க வேண்டும். இத்தனை நாளும் அவள் தனியாக வைத்துத் தின்றுகொண்டிருந்தது இதைத்தான் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவளை ரோஷமில்லாதவள் என்று திட்டிய என் வாயை என்ன செய்வது.

“சொல்லிடும்மா” என்றாள் அகோத்.

மறுநாள் காலை பஸ்ஸில் நாங்கள் போய்ச் சொன்னோம். முசெம்பி முழுவதையும் கேட்டார். ரிஸ்பாவின் முகத்தைப் பார்க்காமல் மேசையைப் பார்த்துக்கொண்டு கேட்டார், அது எனக்குப் பிடித்திருந்தது. “அப்ப அவர் அப்பா வழியில ஒரு ஆம்பள வேணும்” என்றார். இருக்கிற ஆம்பளை ராண்டிகாதான். விஷயம் ஊரில் பரவ ஒரு நாள்கூட ஆகவில்லை. நான் பரப்பவில்லை, சத்தியம்.

ராண்டிகா ஏதேதோ சாக்குச் சொன்னார். பல் வலி என்றார், ஜெப நாள் என்றார், ஓய்வுநாள் என்றார்.

“உங்க வாய்க்குள்ள என்ன, தங்கமா இருக்கு? பூட்டிப் பூட்டி வச்சுக்கிறீங்க” என்று கேட்டேன்.

“உன் வாய் மாதிரி திறந்தே கிடக்கச் சொல்றியா?” என்றார். கடைசியில் கண்ணை இறுக மூடிக்கொண்டு வாயைத் திறந்தார்.

அதுவும் பொருந்தவில்லை. இதைச் சொல்ல முசெம்பி நேரிலேயே வந்தார். ரிஸ்பா வீட்டு முற்றத்தில், அந்தத் திறந்த குழிக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்தார். களைத்திருந்தார்.

“நான் நம்பணும்னுதாம்மா பாத்தேன்” என்றார். “இதுக்கு மேல எனக்கு வழி தெரியல.” தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

“உக்காருங்க சார்” என்றார் ராண்டிகா.

அவர் தடியைத் தரையில் போட்டுவிட்டார். தடியில்லாமல் அவர் நின்று நான் பார்த்ததில்லை.

“செவே எங்க அண்ணன் மகன்தான். ஆனா அண்ணன் ரத்தம் இல்ல. அண்ணி இந்த வீட்டுக்கு வரும்போதே வயித்துல வந்தவன். அண்ணன் சாகும்போது எங்க ரெண்டு பேர்கிட்ட மட்டும் சொன்னாரு. என்கிட்டயும் அவன்கிட்டயும்.”

“அத அன்னிக்கே சொல்ல வேண்டியதுதானே?” என்று நான் பாய்ந்தேன்.

“பொருந்திடணும்னு ஜெபம் பண்ணிக்கிட்டே இருந்தேன்” என்றார் அந்த மனிதர். எனக்குத் திட்டவும் முடியவில்லை.

ரிஸ்பா மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. “அதான் ஒண்ணுமே கேக்கல” என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். “அதான் அவரு என்கிட்ட ஒண்ணுமே கேக்கல.”

அம்மா வழியிலும் யாரும் மிஞ்சவில்லை. செவேயின் ரத்தம் இனி ஒரே இடத்தில்தான் இருந்தது. அவன் அம்மாவின் புதைகுழியில். முசெம்பிக்கு அதைச் சொல்லவே கூச்சமாக இருந்தது. மெதுவாகச் சொன்னார். ஒரு பல் போதுமாம். கூடியிருந்தவர்கள் இரண்டடி பின்னால் நகர்ந்தார்கள். காயைத் தோண்டியதற்கே இவ்வளவு. ஒரு தாயைத் தோண்டினால் வீடு தாங்குமா.

“அனுமதி நான் குடுக்கமாட்டேன்” என்றார் ராண்டிகா. “மாட்டேன்னு இல்ல. எனக்கு அந்த உரிமை இல்ல. அது அவ பிள்ள கேக்கணும்.”

அகோத் யாரையும் பார்க்கவில்லை. வீட்டுக்குப் பின்னால் வாழைக்கு அந்தப் பக்கம் இருந்த மேட்டுக்குப் போனாள். நாங்களும் பின்னாலேயே போனோம். செருப்பைக் கழற்றிவிட்டு முட்டிபோட்டாள்.

“பாட்டி, நான் அகோத். என் பேருலதான் நீ இருக்க. நீயாத்தான் கேட்டு வாங்கின, நான் கூப்பிடல. உன் மகனக் காணோம். தேட உன் பல்லு ஒண்ணு வேணும். கோச்சுக்காத.”

 வாழை இலைகூட அசையவில்லை. முசெம்பி தொப்பியைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டார். இந்தத் தடவை மண்வெட்டியை வேகமாகப் போடவில்லை. முன்பு சிரித்த அதே போலீஸ்காரன் பூட்ஸைக் கழற்றிவிட்டுக் குழிக்குள் இறங்கி, கையால் மண்ணை அள்ளி அள்ளி வெளியே வைத்தான்.

பொருந்தியது. போனில் முசெம்பி சொன்னதைக் கேட்டுவிட்டு ரிஸ்பா போனை என்னிடம் நீட்டினாள்.  சுவரில் இருந்த படத்தை அந்தக் காவலாளியே கிழித்தான். பிறகு ஒரு சின்னப் பெட்டி வந்தது, ஒரு கையால் தூக்கிவிடலாம். ராண்டிகா யாரையும் கலந்து பேசாமல் அதைக் குழியில் வைத்து, யாகோ காயையும் பக்கத்தில் வைத்தார். “இத்தன நாள் அவனுக்குப் பதிலா கிடந்தது. அவன்கூடயே கிடக்கட்டும்” என்றார். சத்தம் நின்றுவிட்டதா என்று கேட்டால், ரிஸ்பா நின்றுவிட்டது என்றுதான் சொல்கிறாள். எனக்குத்தான் சில சாயங்காலங்களில் இப்போது கேட்கிறது. அவளிடம் நான் சொல்லவில்லை.

ஊர் வாய் ஓயவில்லை. செவே நல்லவன் என்று ஆனதும் அகோத்தைப் பிடித்துக்கொண்டார்கள். அவளை எந்த வீட்டுப் பெண் என்று சொல்லிக் கட்டிக்கொடுப்பது, மாப்பிள்ளை வீட்டார் தருகிற சீர் மாடுகளை யார் வாங்குவது என்று தண்ணீர்த் துறையில் பேசினார்கள். ரிஸ்பா பயந்தது அப்படியே நடந்தது. செவேக்கு யாருமில்லை என்றே ஒருத்தி என் முகத்துக்கு நேரே சொன்னாள். அவளுக்கு நான் கொடுத்ததை இங்கே சொல்ல முடியாது.

கல்லைத் திறக்கிற நாளில் நாங்கள் நைரோபிக்குப் போனோம். பஸ் நிலையத்துக்குள் நுழையவே சோதனை மேல் சோதனை. சுமைக்காரர்கள் யூனிபாரம் போட்டிருந்தார்கள், மூட்டைகள் ஒரு இயந்திரத்துக்குள் போய் வந்தன. மந்திரி ஒருவர் எல்லையைப் பற்றியும் புது கேமராக்களைப் பற்றியும் பேசினார். இனி இப்படி நடக்காது என்றார். எனக்குக் கால் வலித்தது. எங்கள் ஊர்ப் பெண்கள் இரண்டு பேர் வேடிக்கை பார்ப்பதற்கென்றே எங்களோடு வந்து பின்னால் நின்றார்கள்.

கறுப்புக் கல். மைக்கில் ஒரு பெண் ஒவ்வொரு பெயராகச் சொன்னாள். பெயரைச் சொன்னதும் வீட்டார் ஒருவர் படியேறி, செத்தவருக்குத் தான் யார் என்று சொல்வார். அவள் அதை மைக்கில் சொல்வாள். அம்மா. தம்பி. மனைவி. பிறகு அவர்கள் அந்தப் பெயரைத் தொட்டுவிட்டு இறங்குவார்கள். கல்லுக்குக் காவலாக முசெம்பி சீருடையில் நின்றுகொண்டிருந்தார்.

“எல்கானா செவே.”

ரிஸ்பா எழுந்தாள், ஆனால் காலை எடுத்து வைக்கவில்லை. மகளின் முதுகில் கை வைத்துத் தள்ளினாள். அகோத் தனியாகப் படியேறினாள்.

“என்ன சொல்றாள்னு பாப்போம்” என்றது எனக்குப் பின்னால் ஒரு குரல்.

“நீங்க அவருக்கு யாரும்மா?” என்று மைக்குக்காரி கேட்டாள்.

அகோத் வாயைத் திறந்தாள். பேச்சு வரவில்லை. மைக்குக்காரி இன்னொரு தடவை கேட்டாள்.  அகோத்தின் ரத்தம் பொருந்தவில்லை என்பதை அந்தக் கூட்டத்தில் முதலில் தெரிந்துகொண்ட மனிதர் முசெம்பி. காவல் நிற்கிறவர் நகரக்கூடாது என்பது சட்டம். அவர் நகர்ந்து, மைக் அருகே குனிந்தார்.

“மகள்” என்றார்.

“மகள், அகோத் செவே” என்று ஒலிபெருக்கி அந்தப் பஸ் நிலையம் முழுக்கச் சொன்னது.

“ஆமா” என்றாள் ரிஸ்பா. எனக்குச் சொல்லவில்லை, பின்னால் இருந்தவர்களுக்கும் சொல்லவில்லை. கூட்டமே திரும்பிப் பார்க்கும்படி உரக்கச் சொன்னாள்.